நிலை 14-க்கு மேல்

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பயணப்படி பில் பார்த்தவர். எந்த அதிகாரி எந்த வகுப்பில் போகலாம் என்பது அவருக்கு மனப்பாடம். பிசினஸ் கிளாஸ் என்பது அவரைப் பொறுத்தவரை இருக்கை இல்லை, அட்டவணையில் ஒரு வரி. இன்றைய விதிப்படி சம்பள நிலை 14-உம் அதற்கு மேலும். "கீழ இருக்கவன் பில் வச்சா வெட்டிடணும்டா" என்பார். வெட்டியும் இருக்கிறார். ஆனால் ஓய்வு பெறும்வரை விமானம் ஏறியதில்லை.

2019-இல் நான் சேர்த்துவைத்திருந்த மைல்களைக் கொடுத்து, சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏர் இந்தியாவில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தேன். என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். செக்-இன் செய்யத் தனி வரிசை, முதலில் ஏறலாம், உட்கார்ந்ததும் ஜூஸ், பீங்கான் தட்டில் சாப்பாடு, முட்டி இடிக்காத இடம். அப்புறம் பின்னால் ஒரு திரை. எனக்கு அந்தத் திரைதான் சுவாரஸ்யம்.

1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்ட 'மலபார் பிரின்சஸ்' விமானத்தில் பயணிகள் 35 பேர். திரை இல்லை. சமத்துவம் ஒன்றுமில்லை, ஏறியவர்கள் எல்லோருமே வசதியானவர்கள். தலைப்பாகை கட்டிக் குனிந்து வணங்கும் மகாராஜா சின்னம் அதற்கு இரண்டு வருஷம் முன்பே வந்துவிட்டது. ராஜாக்கள் ராஜ்யத்தை இழந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு ராஜா பயணிகளுக்குப் பணிவிடை செய்ய வந்தார்! 1967-இல் சால்வடார் டாலி இவர்களுக்குச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, கூலியாக யானைக்குட்டி கேட்டார். அனுப்பியும் வைத்தார்கள்.

பிசினஸ் கிளாஸ் என்ற பெயர் உலகத்துக்கே 1970-களின் கடைசியில்தான் வந்தது. பெரிய விமானங்கள் வந்தன, இடத்தை நிரப்பத் தள்ளுபடி டிக்கெட் விற்றார்கள். முழுக் கட்டணம் கொடுத்த வியாபாரி, பாதி விலைக்கு வந்த சுற்றுலாப் பயணியின் பக்கத்தில் இருந்தார். அவருடைய முணுமுணுப்புக்குக் கிடைத்த பதில்தான் நடுவில் ஒரு வகுப்பு.

நம்மிடம் வந்தபோது அந்த வியாபாரியின் இடத்தில் சர்க்கார் உட்கார்ந்தது. 1953-லிருந்து விமானக் கம்பெனி அரசுடையது. அரசு செலவில் பறப்பவர்கள் அதில்தான் பறக்க வேண்டும் என்று பிற்பாடு விதி வந்தது. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும் பணம், அதிலும் பல நேரம் கடன். 2009-இல் சிக்கன நடவடிக்கை என்று அமைச்சர்களைப் பின்னால் போகச் சொன்னபோது, சசி தரூர் அதைக் 'கால்நடை வகுப்பு' என்று ட்விட்டரில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். 2021 அக்டோபரில் பாக்கியைத் தீர்த்துவிட்டு இனி பணம் கொடுத்தே டிக்கெட் வாங்குங்கள் என்று நிதியமைச்சகம் எல்லாத் துறைகளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 27 அன்று கம்பெனி டாடாவிடமே திரும்பிப் போனது.

அன்றைக்கு டெல்லியில் இறங்கும்போது அப்பா இருக்கை இடுக்கில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"போர்டிங் பாஸ். தொலைச்சிடாதடா, பில்லோட வைக்கணும்."

"யாருக்குப்பா பில்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அதைக் கண்டெடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.