டீமுக்காகச் சம்பளத்தைக் குறைச்ச டாம் பிரேடி: கதையும் கணக்கும்

போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணார். சின்ன கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். அவங்க முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவெச்சு, டாம் பிரேடி கதையைச் சொல்லியிருக்கார். எவ்வளவு பெரிய ஸ்டார், டீம் ஜெயிக்கணும்னு தன் சம்பளத்தையே குறைச்சுக்கிட்டார், நாமளும் ஒரு டீம்தானே என்று. அடுத்த மாதத்திலிருந்து எல்லாருக்கும் சம்பளத்தில் வெட்டு. நண்பர் என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த ஆள் நிஜமாவே குறைச்சுக்கிட்டாரா?"

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அதனால அதையே இந்த எபிசோடா பண்ணிட்டேன்.

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்குவோம். அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் ஆட்டத்தின் மூளை. டீம் தாக்கி ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். டாம் பிரேடியை 2000-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி தேர்வு செய்தபோது, அவருக்கு முன்னால் 198 பேர் தேர்வாகியிருந்தார்கள். அப்படி வந்தவர் பேட்ரியாட்ஸுக்கு ஆறு சூப்பர் பவுல், பிறகு டாம்பா பே அணிக்கு ஒன்று என்று ஏழு பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார்.

இப்போ கதையின் மையத்துக்கு வருவோம்: சாலரி கேப். அதாவது, ஒரு அணி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்ற உச்சவரம்பு. ஐபிஎல் ஏலத்தில் பர்ஸ் என்று சொல்றாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

இந்த கேப் சும்மா வரவில்லை. 1982-லும் 1987-லும் என்எஃப்எல் வீரர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். 1987-ல் முதலாளிகள் மாற்று ஆட்களை வைத்தே மேட்ச் நடத்திவிட்டார்கள். மைதானத்தில் தோற்ற வீரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-ல் ஃப்ரீமன் மெக்நீல் வழக்கில் தீர்ப்பு வீரர்கள் பக்கம் வந்தது. ரெஜி வைட் பெயரில் இன்னொரு வழக்கும் வர, முதலாளிகள் சமரசத்துக்கு இறங்கினார்கள். 1993-ல் ஒப்பந்தம். வீரர்களுக்குக் கிடைத்தது, ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. முதலாளிகளுக்குக் கிடைத்தது, சாலரி கேப். 1994-ல் முதல் கேப் 3.46 கோடி டாலர். 2024-ல் அது 25.54 கோடி டாலர்.

இதனால என்ன ஆச்சு? ஸ்டார் வாங்கும் ஒவ்வொரு டாலரும், பக்கத்தில் நிற்கும் வீரருக்குப் போகாத டாலர் என்று ஆகிவிட்டது. பெரிய குவார்ட்டர்பேக் வெச்சிருக்கிற ஒவ்வொரு அணிக்கும் இதுதான் தலைவலி. அவருக்கு அள்ளிக் கொடுத்தா, அவரைக் காப்பாற்றி நிற்க ஆள் வாங்கக் காசு இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். பேப்பர்ல "சம்பளத்தைக் குறைத்தார்" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை உண்மையில் குறைப்பே இல்லை. ஒருத்தருக்கு இந்த வருஷம் 2 கோடி டாலர் சம்பளம் என்று வெச்சுக்குங்க. அதில் 1.5 கோடியை போனஸாக மாற்றி, இன்றைக்கே கையில் கொடுத்துவிடுகிறார்கள். கேப் கணக்கில் மட்டும் அதை ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 30 லட்சமாகப் பிரித்து எழுதலாம். ஆக, இந்த வருஷக் கணக்கில் 50 லட்சமும் 30 லட்சமும் சேர்த்து 80 லட்சம்தான் நிற்கும். அணிக்கு 1.2 கோடி இடம் கிடைச்சாச்சு. வீரருக்கு ஒரு டாலர்கூடக் குறையலை, இன்னும் சொன்னா பணம் சீக்கிரமே வந்துடுச்சு. இதுக்குப் பேர் ரீஸ்ட்ரக்சர். தியாகம் இல்லை, கிரெடிட் கார்டு இஎம்ஐ.

அப்போ பிரேடி செய்ததும் அதுதானா? முழுக்க அப்படிச் சொல்லிட முடியாது.

2004-ல் இண்டியானாபொலிஸ் அணியின் பெய்ட்டன் மானிங் 7 ஆண்டுக்கு 9.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதற்கு அடுத்த வருஷம், மூன்று சூப்பர் பவுல் ஜெயித்த கையோடு பிரேடி போட்டது 6 ஆண்டுக்கு 6 கோடி. அப்போது மானிங்கிடம் ஒரு பட்டம்கூடக் கிடையாது. இது நிஜமாகவே குறைவுதான்.

அப்புறம் 2013 பிப்ரவரி. முதலாளிகள் சொல்கிற கதை இங்கேதான் வருது. பிரேடி 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 2.7 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். ஆண்டுக்கு 90 லட்சம். அடுத்த மாதமே பால்டிமோரின் ஜோ ஃப்ளாக்கோ 6 ஆண்டுக்கு 12.06 கோடிக்குக் கையெழுத்திட்டார், அதாவது ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல். பிரேடி வாங்கியது அதில் பாதிகூட இல்லை. ஆனா அதே ஒப்பந்தத்தில் அவருக்கு 3 கோடி டாலர் கையெழுத்து போனஸும் உண்டு. வயது 35. நாற்பது வயது வரை வேலைக்கு ஒரு பிடிமானம். ஆக, கொஞ்சம் விட்டுக் கொடுத்தார், கொஞ்சம் வாங்கியும் கொண்டார். அணிக்கு இரண்டு ஆண்டுகளில் சுமார் 1.5 கோடி டாலர் கேப் இடம் கிடைத்தது.

அந்த இடத்தை வெச்சு அணி என்ன செய்தது? இதுதான் யாரும் சொல்லாத பகுதி. பிரேடிக்கு மைதானத்திலும் வெளியிலும் நெருக்கமானவர் வெஸ் வெல்கர். ஆறு சீசன்களில் 672 கேட்ச். அதே மார்ச் மாதம் டென்வர் அவருக்கு 2 ஆண்டுக்கு 1.2 கோடி கொடுத்தது. பேட்ரியாட்ஸ் 1 கோடியோடு நின்றுவிட்டது. வெல்கர் போய்விட்டார். கேப்பில் இடம் உண்டாக்கிக் கொடுக்கிறது ஸ்டாரோட கையில இருக்கு. அந்த இடத்துல யாரை உட்காரவைக்கிறதுங்கிறது அவர் கையில இல்லை.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2014-ல் பேட்ரியாட்ஸ், டாரெல் ரீவிஸ் என்ற அருமையான கார்னர்பேக்கை அந்த ஒரு சீசனுக்கு 1.2 கோடி டாலர் கொடுத்துக் கொண்டுவந்தது. 2015 பிப்ரவரியில் சியாட்டிலை 28-24 என்று வீழ்த்தி, பத்து வருஷம் கழித்து மறுபடி பட்டம். கடைசி நொடிகளில் பந்தைப் பறித்து ஜெயிக்கவைத்தவர் மால்கம் பட்லர், டிராஃப்டில் எந்த அணியும் தேர்வு செய்யாத ஒரு புதுமுகம். எதிரில் ஆடிய சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனின் அந்த வருஷச் சம்பளம் 10 லட்சம் டாலரைத் தொடவில்லை. மூன்றாவது சுற்றில் தேர்வான பையன், இன்னும் முதல் ஒப்பந்தத்தில் இருந்தார். மலிவான குவார்ட்டர்பேக் இருந்தா எவ்வளவு வலுவான டீம் கட்டலாம் என்பதற்கு சியாட்டில்தான் உதாரணம்.

அதுக்காக, குறைச்சாத்தான் ஜெயிக்க முடியும் என்றும் இல்லை. கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் 2020-ல் 10 ஆண்டுக்கு 45 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2022 சீசனில் கேப்பில் 17 சதவீதம் அவர் ஒருவர் பெயரில் இருந்தது. அந்த வருஷம் சூப்பர் பவுல் அவங்களுக்குத்தான்.

குறைச்சா ஜெயம் நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. 2023 ஜூலையில் ஆரன் ராட்ஜர்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக ஏறக்குறைய 11 கோடி டாலர் உறுதிப் பணத்தை விட்டு, 7.5 கோடிக்கு ஒப்புக்கொண்டார். சுமார் 3.5 கோடியை விட்டுக் கொடுத்த நிஜமான வெட்டு, போனஸ் வித்தையெல்லாம் இல்லை. செப்டம்பர் 11-ஆம் தேதி முதல் மேட்ச். அதில் நான்காவது ஸ்னாப்பிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. சீசன் முடிந்தது. ஜெட்ஸ் 7 வெற்றி, 10 தோல்வி.

இதில் இன்னொரு ஆள் இருக்கார், அவரைப் பத்தி யாரும் பேசறதில்லை. என்எஃப்எல்லில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழு உத்தரவாதம் இல்லாதவை. சாதாரண வீரரிடம் "குறைச்சுக்கோ" என்றால் அதன் அர்த்தம் "இல்லேன்னா கிளம்பு" என்பதுதான். பிரேடி கையெழுத்துப் போடும்போது அவருக்குப் பேரம் பேசும் பலமும், வீட்டில் சூப்பர்மாடல் மனைவி ஜிசெல் பண்ட்செனின் பெரிய வருமானமும் இருந்தது. மூன்று வருஷத்தில் முட்டி தேய்ந்துபோகப் போகும் வீரருக்கு அது இல்லை. பெரிய ஸ்டாரே குறைச்சுக்கிட்டார் என்ற வாதம் கடைசியில் வந்து விழுவது இவர் தலையில்தான்.

இப்போ நண்பருக்குப் பதில். பிரேடி குறைச்சுக்கிட்டது உண்மை. ஆனா அங்கே கேப் என்று ஒன்று இருக்கு. கூடவே குறைந்தபட்சச் செலவு விதியும் இருக்கு: 2013 முதல் 2016 வரையான நான்கு ஆண்டுகளில், ஒவ்வொரு அணியும் மொத்த கேப்பில் 89 சதவீதத்தையாவது வீரர்களுக்குச் செலவழித்தே ஆகவேண்டியிருந்தது. அதனால ஸ்டார் விட்டுக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி இன்னொரு வீரர் கைக்குப் போகும் வாய்ப்பு அங்கே உண்டு. முதலாளி மொத்தத்தையும் பாக்கெட்டில் போட்டுக்க முடியாது.

உங்க ஆபீஸ்ல கேப் இருக்கா? அந்த விதி இருக்கா? நீங்க விட்டுக் கொடுக்கிற பணம் பக்கத்து சீட்டுக்காரருக்குப் போகுதா? அடுத்த மீட்டிங்ல இதை மரியாதையா, சிரிச்ச முகத்தோட கேளுங்கன்னு நண்பர்கிட்ட சொல்லியிருக்கேன். கேட்டாரா, என்ன பதில் வந்தது என்று தெரிஞ்சதும் உங்ககிட்ட சொல்றேன்.