குரல் நீங்கிய பாட்டு: மறுகலவை இசையின் தோற்றமும் உரிமைப் பிரச்சினையும்

ஏற்கெனவே பதிவான பாடல்களைப் பிரித்தும் இணைத்தும் புதியதொன்றை ஆக்கும் மறுகலவை இசையை இரவற் கலையென இகழ்வோர் உளர். அதன் வரலாற்றை நோக்குவோர் அவ்வாறு எளிதிற் கூறார். கணினி யுகத்தின் விளைபொருளாக அது கருதப்படினும், அதன் முதன்மையான ஊற்றுக்களுள் ஒன்று 1960களின் பிற்பகுதியில், ஜமெய்க்காவின் ஏழைமக்கள் கூடிய ஆடற்களங்களிலேயே காணப்படுகின்றது.

வாத்தியக் குழுவினரை அமர்த்தப் பணமற்ற அம்மக்களுக்குப் பெரும் ஒலிபெருக்கிகளும் இசைத்தட்டுக்களுமே கச்சேரியாயின. 'சவுண்ட் சிஸ்டம்' எனப்பட்ட இவ்வொலியமைப்புக்களின் உரிமையாளரிடையே கடும் போட்டி நிலவிற்று. பிறரிடம் இல்லாத தட்டு எவனிடம் உண்டோ, அவனிடமே கூட்டம் சேரும். ஸ்பானிஷ் ரவுணைச் சேர்ந்த றுடி றெட்வூட் என்பவர், டியூக் றீட்டின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பரகன்ஸ் குழுவினரின் 'ஒன் த பீச்' பாடலுக்குத் தனித்தட்டு வெட்டுவித்தபோது, பொறியியலாளர் குரற்பகுதியைச் சேர்க்காது விட்டுவிட்டார். றெட்வூட் அதனைக் குறைத்தட்டென வீசிவிடவில்லை. களத்திலே பாடலை முதலில் முழுமையாக ஒலிக்கவிட்டுப் பின்னர் குரலற்ற தட்டை இட்டார். விடுபட்ட குரலின் இடத்தைக் கூடியிருந்தோரே பாடி நிரப்பினர். கேட்போன் பாடுவோனாகிய இக்கணமே பின்வந்த அனைத்துக்கும் வித்து எனலாம்.

இதனைக் கலையாக வளர்த்தவர் ஒஸ்போன் றடொக் என்னும் கிங் டபி (1941–1989). இவர் பாடகர் அல்லர், வாத்தியக்காரரும் அல்லர், வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் திருத்திய மின்னியல் வினைஞர். கிங்ஸ்ரனின் வோட்டர்ஹவுஸ் பகுதியில், தம் வீட்டின் சிற்றறையில் நான்கு தடக் கலவைப் பலகையொன்றை நிறுவி, வேறு கூடங்களிற் பதிவான பாடல்களைத் தடம் தடமாகப் பிரித்தார். ஒரு சொல்லை எழவிட்டு மறுகணமே வெட்டுவார். அதன் எதிரொலி மட்டும் வெளியில் அலையும். மேளம் மறைந்து மீளும். அடித்தளத்து பேஸ் தந்தி தனித்து நடக்கும். 'டப்' எனப்படும் இவ்விசையிலே சேர்த்தலினும் நீக்கலே முதன்மை பெறுகின்றது. நாடகக்காரர் பழைய வர்ணமெட்டுக்குப் புதிய சொற்களை இட்ட வழக்கை நாம் அறிவோம்; டபியோ சொல்லையும் மெட்டையும் ஒருங்கே கலைத்து, எஞ்சிய வெறுமையையே இசையாக்கினார். இது இரவல் எனின், சிலை வடித்தவன் கல்லை இரவல் வாங்கினான் என்பதையொக்கும்.

டபியின் ஒலியமைப்பில், குரலற்ற தட்டின்மேற் பேசிப் பாடியவர் யூ-றோய். 1967இல் கிங்ஸ்ரனிலிருந்து நியூயோர்க் சென்ற கிளைவ் கம்பெல் என்னும் இளைஞர், கூல் ஹேர்க் என்ற பெயருடன் 1973 ஆகஸ்ற் 11ஆந் திகதி பிறொன்க்ஸ் பகுதியில் நடத்திய விருந்து, ஹிப்-ஹொப் இசையின் பிறப்பாகக் கொண்டாடப்படுகின்றது. ஒரே தட்டின் இரு பிரதிகளை மாறிமாறிச் சுழற்றி, மேளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளை நீட்டியமை இவரது உத்தியாகும்.

இசை விற்பனைப் பொருளாயின் வழக்கும் உடன் வரும். கில்பேட் ஓ சலிவனின் பாடற்பகுதியொன்றை பிஸ் மார்க்கி அனுமதியின்றிப் பயன்படுத்திய வழக்கில், 1991இல் நியூயோர்க் நீதிபதி தமது தீர்ப்பையே களவை விலக்கும் விவிலியக் கட்டளையுடன் தொடங்கினார். சட்ட உரையிலும் பார்க்க அது பிரசங்கமாகவே ஒலிக்கின்றது. 2004இல் டேஞ்சர் மௌஸ் என்பார், ஜே-சியின் 'த பிளாக் அல்பம்' தொகுப்பின் குரலை, பீற்றில்ஸ் குழுவினர் 1968இல் வெள்ளை உறையிட்டு வெளியிட்ட தொகுப்பின் இசைத்துணுக்குகளோடு இழைத்து 'த கிறே அல்பம்' என்பதை உருவாக்கினார். உரிமை கொண்டாடிய ஈ.எம்.ஐ. நிறுவனம் அதன் விநியோகத்தைத் தடுக்க முற்பட்டது. தடையே அதன் புகழுக்குத் துணைநின்றது.

ஆயினும், மறுகலவையாளரைப் போற்றுவோர் நிறுவனங்களைச் சாடுவதோடு அமைதல் நேர்மையாகாது. 1969இல் வின்ஸ்ரன்ஸ் குழுவினரின் 'ஆமென், பிறதர்' என்னும் பாடலில் கிறெகறி கோல்மன் ஏறத்தாழ ஆறு விநாடி மேளம் வாசித்தார். இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்ப வெளியான பாடல் அது. அந்த ஆறு விநாடி பல்லாயிரம் மறுகலவைகளில் ஒலித்தது. 1990களில் இங்கிலாந்தின் ஜங்கிள் இசை அதன்மீதே எழுந்தது. பதிப்புரிமையோ பாடலை இயற்றியவனையும் பதிவை உடையவனையும் காக்குமேயன்றி, மேளம் வாசித்தவனை அறியாது. 2015இல் பிரித்தானிய இசையாளர் சிலர் முன்னின்று சேர்த்த ஏறத்தாழ 24,000 பவுண் குழுத்தலைவர் றிச்சட் ஸ்பென்சரிடம் கையளிக்கப்பட்டது. கோல்மன் அதனைக் காணவில்லை. மேளத்துக்கென ஒரு காசும் பெறாமல், வீடற்றவராக 2006இலேயே அவர் இறந்திருந்தார்.