வேட்டைக்கு வளர்த்த புல்

மானை வேட்டையாட விரும்பிய மன்னன் முதலில் மானுக்கு விருந்து வைக்க வேண்டியிருந்தது. கூப்பிட்டால் வருகின்ற விலங்கன்று மான். குடிக்க ஆழமில்லாத நீரும், கடிக்க இளம்புல்லும், வெயிலுக்கு ஒதுங்கச் சிறிது நிழலும், நாவால் நக்க உவர்மண்ணும் எங்கே உண்டோ அங்கேதான் அது நிலைத்துத் தங்கும். அதைக் காடெல்லாம் அலைந்து துரத்துவதைவிட, நாம் இருக்கும் இடத்திற்கு அது தானே வரும்படி நிலத்தைத் திருத்துவது எளிது. இவ்வுண்மையை நம் நாட்டு அரசர்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். அவ்வாறு திருத்தப்பட்ட நிலங்கள் எவை, அவற்றுக்கு விலை கொடுத்தவர் யார், அவற்றால் இன்று பிழைத்திருப்பது எது என்பவற்றைச் சிறிது நோக்குவோம். தில்லியிலும் கூர்ச்சரத்திலும் மைசூரிலும் வாழும் தமிழன்பர்களுக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ள கதையன்று. இது நிகழ்ந்த இடங்கள் சில அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் வழியிலேயே உள்ளன.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் பெயரளவிலேயே அறியப்பட்டிருந்த நூல். மைசூர்க் கீழ்த்திசை நூலகத்திற்கு வந்த ஓலைச் சுவடியிலிருந்து ஆர். சாமசாஸ்திரியார் அதனை அடையாளங்கண்டு, 1909-இல் அச்சிட்டு வெளிக்கொணர்ந்தார். அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் அரசனின் வேட்டைவனத்தை அமைக்கும் முறை கூறப்படுகிறது. வனத்திற்கு ஒரே வாயில், சுற்றிலும் அகழி, உள்ளே இனிய கனி தரும் செடிகொடிகளும் முள்ளில்லா மரங்களும், ஆழமற்ற அகன்ற நீர்நிலை, மனிதரைக் கண்டு மிரளாதபடி பழக்கிய மான் முதலிய விலங்குகள், நகமும் பல்லும் களையப்பட்ட கொடுவிலங்குகள். மன்னன் அஞ்சாமல் வேட்டையாட வேண்டும், விலங்கோ வேறிடம் நாடாமல் அங்கேயே தங்க வேண்டும் என்னும் இரு நோக்கங்களும் இவ்வமைப்பில் தெளிவாகத் தெரிகின்றன. பல் பிடுங்கிய புலியை எய்துவிட்டு வீரம் பேசிய மன்னரைப் பற்றி நாம் என்ன நினைப்பது என்பது வேறு செய்தி!

இதைக்காட்டிலும் கருதத்தக்கது ஒன்றுண்டு. இச்செய்தி இடம்பெறும் அத்தியாயமே உழவுக்கு ஆகாத நிலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றியது. மேய்ச்சல் தரையும் தவத்தோர்க்குரிய வனமும் மன்னனின் வேட்டைக்காடும் விளையாத நிலத்திலேயே அமைதல் வேண்டும் என்பது அந்நூலாசிரியர் கருத்து. காவல் வனத்து மானைக் கொன்றவனுக்கு உயர்ந்த தண்டமும், பிடிபட்ட உயிருள்ள விலங்கு பறவைகளில் ஆறில் ஒரு பங்கைக் காவல் வனத்தில் விட்டுவிட வேண்டும் என்ற விதியும் வேறோர் அத்தியாயத்தில் வருகின்றன. மன்னனின் இன்பத்திற்காக எழுதியவரே கணக்கறிந்து எழுதியிருக்கிறார். பின்வந்தோர் அகழியையும் வாயிலையும் நினைவிற் கொண்டனர். 'விளையாத நிலத்தில்' என்ற சொல்லை மறந்தனர்.

சௌராஷ்டிரத்தில் ஜூனாகட் நகரையடுத்த கிர்நார் மலையடிவாரத்தில் அசோகரின் கல்வெட்டுப் பாறை இருக்கிறது. முன்பு அரசரின் அடுக்களைக்கென நாள்தோறும் நூறாயிரக் கணக்கில் உயிர்கள் மடிந்தன என்றும், இப்பொழுது இரண்டு மயிலும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன என்றும், அம்மானும் நாள் தவறாமல் அன்று என்றும் அதன் முதற் சாசனம் கூறும். முன்னோர் வேட்டைக்கெனச் சென்ற உல்லாசப் பயணத்தை விடுத்து, முடிசூடிய பத்தாம் ஆண்டில் தாம் அறப்பயணம் மேற்கொண்டதை எட்டாம் சாசனத்தில் அவர் குறிக்கிறார். தூண் சாசனம் ஒன்றில், வீணாகவோ உயிர்களை அழிப்பதற்கோ காட்டிற்குத் தீயிடலாகாது என்ற ஆணையும் உண்டு. தீயிட்ட புல்தரையில் மழைக்குப்பின் தளிர்க்கும் இளம்புல்லை நாடி மான் வரும் என்பதை வேட்டைக்காரர் எல்லாரும் அறிவர். நெருப்பு அவர்களுடைய பழைய கருவி.

தில்லி கரோல்பாகில் வாழும் நம்மவர் பலர் 'பூலி பட்டியாரி மகால்' என்ற பாழ்மாளிகையின் பெயரைக் கேட்டிருப்பர். தில்லிக் குன்றுத்தொடரின் காட்டில், மரங்களுக்கிடையே அது நிற்கிறது. 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக் அக்குன்றுத்தொடரில் எழுப்பிய வேட்டை மாளிகைகளுள் அதுவும் ஒன்று. மால்ச்சா மகால் மற்றொன்று. சுல்தான் வேட்டைப் பித்தர். கால்வாயும் அணையும் கட்டுவதிலும் அதே அளவு பித்துடையவர். மால்ச்சா மாளிகை ஓர் அணைக்கரையை ஒட்டியே எழுந்தது. வறண்ட பாறைக் குன்றில் மழைநீரைத் தேக்கினால், கோடையில் விலங்குகள் வேறெங்கே போகும்?

நீரைக் கொண்டு மானை வரவழைக்கும் இக்கலை ஜஹாங்கீர் காலத்தில் உச்சம் எய்தியது. இன்று பாகிஸ்தானிலுள்ள ஷேக்குபுராவில், அகன்ற குளமும் அதன் நடுவே மண்டபமும் கரையில் உயர்ந்த கோபுரமும் காணலாம். அதற்கு 'ஹிரன் மினார்', அதாவது மான் கோபுரம், என்று பெயர். மன்ஸ்ராஜ் என்னும் பெயருடைய பழகிய இரலைமான் ஒன்று பேரரசரிடம் இருந்தது. காட்டு மான்களைப் பிடிக்கத் துணையாய் நின்றதும், பழகிய மான்களோடு பொருது வென்றதும் அதன் சிறப்பு. அது இறந்தபின் 1606-ஐ ஒட்டி அதன் நினைவாக எழுப்பிய கோபுரம் இது. அச்சுற்றுவட்டத்தில் எவரும் மான் வேட்டையாடலாகாது என்று ஜஹாங்கீர் தடையும் விதித்தார். ஒரு மானுக்காக அழுத அதே மன்னர், தம் ஐம்பதாம் வயது வரையில் தம் கண்முன் வேட்டையில் வீழ்ந்தவை 28,532 உயிர்கள் என்றும், அவற்றுள் தம் கையாலேயே கொன்றவை 17,167 என்றும் தம் நாட்குறிப்பில் கணக்கு எழுதி வைத்தார். மனித மனத்தின் இவ்விரு அறைகளுக்கும் இடையே கதவு இல்லை போலும்.

இனி, இக்கதையின் நடுவிடத்திற்கு வருவோம். கூர்ச்சரத்தில் காம்பே வளைகுடாவின் மேல்புறத்தே 'பால்' என்றொரு நிலப்பகுதி உண்டு. நாம் பருகும் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நெற்றி என்னும் பொருளுடைய வடசொல் இது. நெற்றியைப்போல் மேடுபள்ளமின்றி, மரமுமின்றி விரிந்து கிடப்பதால் இப்பெயர் என்பர். மண் உவர்ப்பு மிக்கது. மழை பெய்தால் நீர் தேங்கும், காய்ந்தால் வெடிக்கும். இங்கே பவநகர் சமஸ்தானத்தைச் சேர்ந்த வேளாவதர் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த புல்வெளி, இரலைமானின் தாயகம். ஆண்மான் முதிர முதிர முதுகு கருத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்புடன் விளங்கும். பெண் பழுப்பு நிறமே. இது காட்டு மானன்று, வெட்டவெளி மான். நெடும்புல்லும் புதரும் இதற்கு ஆகா. ஓநாயை நெடுந்தொலைவிலேயே கண்டு ஓட, தரை திறந்திருக்க வேண்டும்.

சௌராஷ்டிர மன்னர்கள் இத்தகைய புல்நிலங்களை 'வீடி' என்ற பெயரால் ஒதுக்கிக் காத்தனர். நினைத்தவர் நினைத்த பொழுது மாட்டை ஓட்டிச் சென்று மேய்க்க இயலாது. புல் முற்றியபின் அறுத்துப் போராக அடுக்குவர். அரண்மனைக் குதிரைகளுக்கும் கால்நடைக்கும் அது தீனி. வற்கட காலத்திற்குச் சேமிப்பு. விக்கிரம ஆண்டு 1956-இல், அதாவது 1899–1900-இல் வந்த பெரும் பஞ்சத்தை அப்பகுதி மக்கள் 'சப்பனியோ' என்று இன்றும் பெயர் சொல்லி நினைப்பர். கால்நடைகள் கூட்டங்கூட்டமாக மடிந்த அப்பஞ்சத்தை எண்ணினால், புல்போரின் மதிப்பு விளங்கும். எனவே வீடியை வெறும் வேட்டைக்காடு என்று சொல்வது பொருந்தாது. ஆயினும் வேளாவதரில் புல்லையும் மானையும் ஒருங்கே காத்ததில் வேட்டையின் பங்கு பெரிது.

அவ்வேட்டை துப்பாக்கியால் நடைபெற்றதன்று. சிவிங்கிப்புலியைக் கொண்டு நடந்தது. மாட்டு வண்டியில், கண்ணை மறைத்துத் தோல்மூடி அணிவித்துச் சிவிங்கியை ஏற்றிச் செல்வர். குதிரையையும் மோட்டாரையும் கண்டு மிரளும் மான், உழவனின் வண்டியை நாள்தோறும் கண்டு பழகியதாதலின் ஓடாது நிற்கும். போதிய அணுக்கத்தில் மூடியை நீக்கிக் கருமையேறிய ஆண்மானைக் காட்டுவர். சிவிங்கி இறங்கிப் பதுங்கி நெருங்கி, ஒரே பாய்ச்சலாக ஓடும். சில நூறு கெஜத்திற்குள் பிடிபட்டால் உண்டு. இல்லையேல் அது ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தரையில் அமர்ந்துவிடும். பிடித்த மானை அதனிடமிருந்து விடுவிக்க, அகப்பையில் குருதியை ஏந்திக் காட்டுவார் அதன் காவலர். இந்தியச் சிவிங்கி அருகியபின் பவநகரும் கோலாப்பூரும் ஆப்பிரிக்காவிலிருந்து அவற்றை வரவழைத்தன. மானுக்குப் புல்லை வளர்த்தவர்கள் சிவிங்கியை வளர்க்க இயலாது போயினர். கூண்டில் அது அக்காலத்தில் அரிதினும் அரிதாகவே குட்டி ஈன்றது. 1947-இல் இன்றைய சத்தீஸ்கரைச் சேர்ந்த கொரியாவில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன; நாட்டின் கடைசிச் சிவிங்கிகள் அவையே என்பர். 1952-இல் அவ்விலங்கு இந்நாட்டில் அற்றுப்போயிற்று என அறிவிக்கப்பட்டது. 2022-இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் கூனோவிற்கு மீண்டும் கொணர்ந்தனர்.

மானுக்கு வரப்பு தெரியாது. மன்னரின் புல்வெளியில் பகலைக் கழித்த மந்தை, இரவில் உழவனின் சோளத்தையும் கோதுமையையும் மேயும். அவன் பரண்மீது விழித்திருந்து கூவலாம், தகரத்தைத் தட்டலாம். அதற்குமேல் கை நீட்டினால் குற்றவாளி. சமஸ்தானங்கள் பலவற்றிலும் இதே நிலைமைதான். இராஜபுதனத்து அல்வரில் காவலில் வளர்த்த காட்டுப்பன்றிகள் வயல்களை அழித்தமையால் 1921-இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வரசரின் வேட்டைக்காடு இருந்த சரிஸ்கா இன்று புலிகள் காப்பகம்! பிஷ்ணோய் சமூகத்து உழவர் தாமே விரும்பி மானைத் தம் வயலில் மேயவிட்டது வேறு. ஆணைக்கு அஞ்சிப் பொறுத்தது வேறு. இரண்டிலும் மான் பிழைத்தது என்பதால் இரண்டையும் ஒன்றெனக் கூறிவிடலாகாது.

1948 சனவரியில் பவநகர் மன்னர் கிருஷ்ண குமாரசிங்ஜி ஆட்சிப் பொறுப்பை மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். உழவனுக்கு அது விடிவு. மானுக்கு அது ஆபத்து. காவல் தளர்ந்தது, புல்வெளிகள் உழுநிலமாயின, பயிர்க்காவலுக்கெனப் பெற்ற துப்பாக்கியும், இரவில் விளக்கொளி பாய்ச்சி வரும் ஜீப்பும் வந்தன. மன்னரின் சிவிங்கி ஒரு காலையில் ஓர் ஆண்மானைப் பிடித்தது. ஜீப்போ ஆண், பெண், குட்டி என்று பார்ப்பதில்லை. ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் திரிந்த மான்கள் 1966-ஐ ஒட்டி வேளாவதரில் இருநூறு அளவிற்குக் குறைந்தன. மன்னரின் தம்பியாரும் 'சௌராஷ்டிரத்துப் பறவைகள்' என்னும் ஆங்கில நூலை எழுதியவருமான தர்மகுமாரசிங்ஜி போன்றோர் இந்நிலத்தைக் காக்கப் பரிந்து பேசினர். 1969-இல் அது சரணாலயமாயிற்று. 1976-இல் தேசியப் பூங்காவாகி, பின்னர் சுமார் 34 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இடையே 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, இரலை வேட்டை நாடெங்கும் நின்றது. இன்று வேளாவதரில் மீண்டும் ஆயிரத்திற்கு மேற்பட்ட மான்கள் மேய்கின்றன. உவரைத் தடுக்க நட்ட சீமைக்கருவேல்தான் இப்பொழுது தொல்லை. அதன் இனிய காயை மான்களே தின்று, விதையைப் புல்வெளியெங்கும் பரப்புகின்றன. வனத்துறையினர் ஆண்டுதோறும் அதை வேரோடு களைந்து வருகின்றனர்.

ஆட்சியை ஒப்படைத்த அதே 1948-இல் பவநகர் மகாராஜா சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்து, 1952 வரை கிண்டி இராஜபவனத்தில் வாழ்ந்தார் என்பது தமிழர் பலருக்கு நினைவிருக்கும். 1821-இல் அரசு விலைக்கு வாங்கிய தோட்ட மாளிகை அது, சுற்றிலும் புதர்க்காடு. அங்கேயும் இரலைமான் உண்டு. வெலிங்டன் பிரபு கவர்னராயிருந்த காலத்தின் இறுதியில் கொணர்ந்து விடப்பட்டது என்பர். அதற்கு முன்பே இருந்தது என்பாரும் உளர். வெண்ணிற ஆண்மான்கள் சிலவற்றைப் பவநகர் மகாராஜா கொணர்ந்ததாகவும் கூறப்படுகிறது. 1978-இல் அதன் பெரும்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நகரின் நடுவே, மதில் சூழ்ந்த அச்சிறு நிலத்தில் புள்ளிமான் பெருகியது, புதர் அடர்ந்தது, இரலையோ திறந்த தரையாகிய பழைய போலோ மைதானத்தையே பெரிதும் நம்பி நிற்கிறது. கவர்னர்மார் பந்தாடத் திருத்திய புல், மானுக்கு வீடாய் அமைந்தது! அப்புல் புதருக்குள் மறையாதபடி இன்றும் யாரேனும் வெட்டித் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆமதாபாத்திலும் பவநகரிலும் வாழும் அன்பர்கள் வேளாவதருக்கு ஒருநாட் பயணமாகச் சென்று திரும்பலாம். சூன் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை பூங்கா மூடியிருக்கும். பனிக்காலமே ஏற்றது, வடதிசைக் குளிர்நாடுகளிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் அப்பொழுது மாலைதோறும் நூற்றுக்கணக்கில் அதே புல்லில் இறங்கி இராத்தங்கும்.