சீப்பு பிடித்த கை

1968-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் லூயி மால் என்ற பிரெஞ்சு இயக்குநர் ஓர் ஒளிப்பதிவாளரையும் ஓர் ஒலிப்பதிவாளரையும் மட்டும் கூட்டிக்கொண்டு இந்தியாவைச் சுற்றினார். எழுதி முடித்த திரைக்கதை எதுவும் கையில் இல்லை. கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்து, பிறகு ஏழு பகுதிகளாகத் தொகுத்து, 'மாய இந்தியா' என்று பொருள்படும் ஒரு பெயரில் 1969-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் காட்டினார். இரண்டாம் பகுதி மதராஸ் பற்றியது. மயிலாப்பூர்த் தேரோட்டம் வருகிறது, கலாக்ஷேத்ராவில் ஆடும் பெண்கள் வருகிறார்கள், ஒரு சினிமாப் படப்பிடிப்பும் வருகிறது. அந்தத் தளத்தில் அன்று உருவாகிக்கொண்டிருந்தது 'தில்லானா மோகனாம்பாள்'.

1970-இல் பி.பி.சி. இந்தத் தொடரை ஒளிபரப்பியது. இந்தியாவின் வறுமையையே காட்டுகிறார்கள் என்று நம் அரசுக்குக் கோபம் வந்து, பி.பி.சி.யின் தில்லி அலுவலகத்தை மூடவைத்தது. அந்தச் சண்டைச் சத்தத்தில், உள்ளே சிவாஜியும் பத்மினியும் இருக்கிறார்கள் என்பது தமிழ் ரசிகர்கள் பெரும்பாலோர் காதுக்கு எட்டவே இல்லை. 2007-இல் மாலின் ஆவணப்படங்கள் குறுந்தகடாக வந்தன. அதற்குப் பிறகுதான் அந்தச் சில நிமிடங்கள் துண்டு துண்டாக நம் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்தன. அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த பெண்களில் அறுபதைத் தாண்டிய எல்லோருமே அதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் இன்னொருத்திக்கு அனுப்பாமல் விட்டதும் இல்லை.

அவர்களுக்கு அதில் என்ன அத்தனை சந்தோஷம் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. படத்தை ஐம்பது தடவை பார்த்தவர்கள் அவர்கள். மோகனாவுக்கும் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் கடைசியில் கல்யாணம் என்பது மனப்பாடம். பின்னணியைக் காட்டினால் மயக்கம் கலைந்துவிடும் என்று படித்தவர்கள் சொல்வோம். இவர்களுக்குக் கலையவில்லை. "ஏய், பப்பியம்மாவைப் பாரேன், லைட்டு சரியாற வரைக்கும் எப்படி நிக்கிறாங்க" என்று ஒரு சின்னம்மா கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். திரையில் மோகனா காத்திருப்பது அவனுக்காக. இங்கே பத்மினி காத்திருப்பது லைட்டுக்காக. அந்த இரண்டாவது காத்திருப்பு வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஓடும் எந்தப் பெண்ணுக்கும் பழக்கமானது.

படப்பிடிப்பை எட்டிப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். கதைப்படி இது இரண்டு கலைஞர்களின் போட்டி. நாதஸ்வரமா நாட்டியமா என்பதே கேள்வி. ஆனால் தளத்தில் நாயகனின் நாதஸ்வரம் ஊமை. ஊதியவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். அவர்கள் மூச்சுக்கு சிவாஜி விரலும் கன்னமும் கொடுத்தார். மிக நன்றாகக் கொடுத்தார், அதில் சந்தேகம் வேண்டாம். பத்மினிக்கும் குரல் கடன்தான். 'நலந்தானா' பாடலைப் பாடியவர் பி. சுசீலா. ஆனால் ஆட்டம் கடன் இல்லை. அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்த முழங்கால் அவருடையது. பாட்டைத் துண்டு துண்டாக ஒலிக்கவிட்டு, ஒரு வரியை நாலு கோணத்தில் எடுக்கும்போது அந்த முழங்கால்தான் நாலு தடவையும் வேலை செய்யும். படம் அவள் அவனுக்கு விட்டுக்கொடுப்பதில் முடிகிறது. படப்பிடிப்பைப் பார்த்தால் அந்தப் போட்டியில் உண்மையாகவே தன் கலையைச் செய்துகாட்டியது யார் என்று கேட்கத் தோன்றும்.

படம் வெளியானபோது பத்மினிக்கு வயது 36. 1961-இல் அமெரிக்காவில் மருத்துவராக இருந்தவரைத் திருமணம் செய்துகொண்டு, ஒரு மகனுக்குத் தாயாகி, மறுபடி நடிக்க வந்தவர். கல்யாணமான கதாநாயகியை அக்கா வேடத்துக்கோ அண்ணி வேடத்துக்கோ தள்ளிவிடும் ஊர் இது. இன்றும் அப்படித்தான். காதல் படத்தின் நாயகியாக ஒரு குழந்தையின் தாய் நடுக்கூடத்தில் வந்து நின்றதை அந்தக் காலத்துப் பெண்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

கதையின் காலக்கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் இதைத் தொடராக எழுதியது 1957-58-இல். கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1947-இல், தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்திருந்தது. பொட்டுக் கட்டுவதைத் தடுத்ததோடு, அந்தப் பெண்கள் கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் ஆடுவதையும் அந்தச் சட்டம் நிறுத்தியது. ஆக, கோயில் திருவிழாவில் ஆடும் ஒரு பரம்பரை நாட்டியக்காரியின் காதலைத் தமிழ்நாடு வாரா வாரம் உருகிப் படித்தபோது, நிஜத்தில் அந்த மேடை மூடப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1968 ஜூலை 22 அன்று காலமானார். 'தில்லானா மோகனாம்பாள்' திரைக்கு வந்தது ஜூலை 27. நடுவில் ஐந்தே நாள். தற்செயல்தான், அதற்கு அர்த்தம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் தாய், அவளைப் பணக்காரனுக்குக் கொடுக்கத் துடிப்பதை நகைச்சுவையும் வில்லத்தனமுமாகக் காட்டிவிட்டு, அந்தத் தாய்க்குப் பின்னால் இருந்த வாழ்க்கையை படம் பேசவே இல்லை என்பது தற்செயல் அல்ல. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இலேயே 'தாசிகள் மோசவலை' என்று நாவல் எழுதிப் பேசியாகிவிட்ட விஷயம் அது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கோடம்பாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. ஆனால் அறுபதுகளில் இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் பெண்களுக்கு அது வேறு ஊர். ஆவடியில் டேங்க் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, சைக்கிள் கம்பெனி என்று ஆண்களுக்கு வேலை வந்தது. பெண்களுக்கு அந்த வேலையைச் சுற்றிய சமையல் வந்தது. சினிமா ரசிகர் என்றால் ஆண்தான். கொடி, தோரணம், வெளியீட்டு நாள் பட்டாசு எல்லாம் மன்றத்தின் வேலை. மதுரையில் கள ஆய்வு செய்து சாரா டிக்கி 1993-இல் வெளியிட்ட புத்தகத்திலும், மன்றங்கள் ஆண்களின் இடமாகவே இருக்கின்றன. ஆவடியில் இருந்த என் பெரியப்பாவும் ஒரு சிவாஜி மன்றத்தில் இருந்தார். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று தூக்கத்திலும் சொல்வார். பெரியம்மாவை ரசிகை என்று யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

பெரியம்மா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நீளக் கணக்கு நோட்டு கிடைத்தது. மேலே பழுப்பு அட்டை, 'கோலம்' என்று பெயர். முதல் சில பக்கங்களில் உண்மையாகவே கோலம். அதன் பிறகு மைதாப் பசையில் ஒட்டிய படங்கள். 'பேசும் படம்', 1966-இல் தொடங்கிய 'பொம்மை', இன்னும் எது எதிலிருந்தோ வெட்டியவை. ஜோடியாக அணைத்து நிற்கும் படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் படப்பிடிப்பு இடைவேளைகள். இலை போட்டுச் சாப்பிடும் நடிகைகள், தோளில் துண்டோடு முகத்தை நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள், எதற்கோ வாய்விட்டுச் சிரிப்பவர்கள், சலங்கை கட்டக் குனிந்திருப்பவர்கள். இந்த மாதிரிப் படங்கள் மேல் அவருக்கு ஏன் ஆசை என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். நோட்டைப் பற்றி அல்ல, பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. "சினிமால அவ எப்பப் பாத்தாலும் எவனையாவது பாத்துக்கிட்டே இருக்கா. இதுல அவ பாட்டுக்கு இருக்கா" என்றார்.

இதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் படங்களும் தானாக விழுந்தவை அல்ல. ஸ்டில் போட்டோகிராபர் ஆண், பத்திரிகை ஆசிரியர் ஆண், எந்தப் படம் வெளியே போகலாம் என்று முடிவு செய்தவரும் ஆண். நடிகை இட்லி சாப்பிடும் படத்துக்குக்கூட ஒரு நோக்கம் உண்டு: நம்ம வீட்டுப் பெண் மாதிரி என்று காட்டுவது. கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்று தமிழில் ஒரு முழுப்படத்தை எடுக்க 1985 வரை, பி.ஆர். விஜயலட்சுமியின் 'சின்ன வீடு' வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் பெரியம்மா அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டது அவர்கள் கொடுக்க நினைத்ததை அல்ல என்றே நினைக்கிறேன். அவர் வெட்டிய விதத்தைப் பார்த்தால் தெரியும். சில படங்களில் நாயகன் பாதியோடு போய்விட்டார். ஓரத்தில் நிற்கும் முகம் தெரியாத பெண்ணை மட்டும் கத்தரி சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணி தைக்கும் பெண்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படிப்பது என் வழக்கம். ஒரு ஞாயிறு புத்தகத்தை மூடிவிட்டு, நோட்டின் பக்கங்களைக் காட்டினேன். மாலின் படப்பிடிப்புத் துண்டையும் காட்டினேன். சிவாஜியை ஒருத்தியும் பார்க்கவில்லை! அவர்கள் கண் போனது தையலுக்கு. ஆட்ட உடையின் விசிறி மடிப்பை எத்தனை தையலில் நிறுத்தியிருப்பார்கள், இடுப்பில் கொக்கியா நாடாவா, இத்தனை டேக்குக்கு ஒரே ரவிக்கை என்றால் அக்குள் கிழியாதா, கிழிந்தால் ஆளை நிற்கவைத்தே தைப்பார்களா. ஒருத்திக்கு மடிப்பை யார் இஸ்திரி போட்டது என்று தெரிந்தாக வேண்டும். பரம்பரையாக ஆடிய பெண்கள் புடவையையே ஆட்டத்துக்குத் தக்கபடி கட்டிக்கொண்டார்கள், இப்படித் தைத்த உடை ருக்மிணி தேவி காலத்தில், 1930-களில் வந்தது என்று சொன்னேன். "அப்ப டெய்லருக்கு வேலை வந்ததே அப்பத்தான்" என்றாள் சட்டென்று. நாட்டிய வரலாற்றை நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை.

அவர்கள் நெடுநேரம் நின்றது ஒரே ஒரு படத்தில். கீழே பெரியம்மாவின் கையெழுத்தில் 'தில்லானா' என்று மட்டும் இருக்கிறது, அச்சிட்ட குறிப்பு வெட்டுப்பட்டுவிட்டது. ஆட்ட உடையில் நாயகி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு ஆண் முகத்துக்கு டச்-அப் செய்கிறார். பின்னால், சட்டத்தின் ஓரத்தில், வாயில் ஹேர்பின்களைக் கவ்விக்கொண்டு ஒரு பெண், பின்னலை எடுத்துக் கட்டுகிறார். முகத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

முன்னால் ஆண், பின்னால் பெண் என்ற இந்த நிற்பு அந்த ஒரு படத்தின் விஷயம் இல்லை. இந்தியத் திரையுலகில் முகம் ஆண்களுடையதாகவும் முடி பெண்களுடையதாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. மும்பையில் ஒப்பனையாளர் சங்கம் பெண்களுக்கு ஹேர் டிரஸ்ஸர் அட்டை மட்டுமே கொடுத்தது, மேக்கப் அட்டை கொடுக்கவில்லை. பெண்கள் மேக்கப்புக்கு வந்தால் ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்பது அவர்கள் வாதம். சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞரும் உடன் சிலரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2014 நவம்பர் 10 அன்றுதான் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 'தில்லானா' வந்து 46 ஆண்டுகள் கழித்து. இதைச் சொன்னபோது தையல்காரப் பெண்களுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. கட்டிங் மேசையில் ஆண்கள், மெஷினில் பெண்கள், கூலி வித்தியாசம் எவ்வளவு என்று அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நமக்குத் தமிழ் சினிமாவின் பழைய பெயர்கள் இந்த அளவுக்காவது கிடைத்திருப்பதற்கு 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன் என்ற ஒருவரின் பிடிவாதம் முக்கியக் காரணம். 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்தின் மக்கள் தொடர்பாளராகத் தொடங்கி, ஸ்டில்களையும் விவரங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அரசு அந்தச் சேகரிப்பைப் பெற்றுக்கொண்டது, 2004-இல் அவருடைய பெரிய நூலும் வந்தது. 2016-இல் அவர் காலமானார். பின்னல் போட்டவர்களுக்கும் குழு நடனத்தில் மூன்றாம் வரிசையில் நின்றவர்களுக்கும் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அவர்களில் பலர் இன்னும் வடபழனி, சாலிகிராமம் பக்கத்து வாடகை வீடுகளில் பேத்திகளோடு இருக்கக்கூடும். அவர்களிடம் இருக்கும் படங்களின் பின்பக்கத்தில் பெயர் எழுதி வைக்கச் சொல்லியாவது யாராவது போக வேண்டும், சீக்கிரம்.

"இந்தக்கா யாரு?" என்று அன்று கேட்டார்கள். தெரியாது என்றேன். ஒருத்தி என் கைபேசியில் அந்தப் படத்தை எடுத்து, இரண்டு விரலால் இழுத்து இழுத்து, அச்சுப் புள்ளிகள் தெரியும் வரை பெரிதாக்கினாள். ஓவர்லாக் மெஷினில் பதினொரு வருடமாக இருப்பவள்.

"லெஃப்ட் ஹேண்டுக்கா. சீப்பு எந்தக் கையில இருக்கு பாருங்க."

படம் திருப்பி அச்சாகியிருக்குமோ என்று பார்த்தேன். பின்னால் இருந்த பெட்டியில் எழுத்து நேராகத்தான் இருந்தது. நோட்டில், பெரியம்மாவின் கையெழுத்துக்குக் கீழே, பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்: பின்னுபவர் இடது கைப் பழக்கம் உள்ளவர்.