ரோபோ துணையுடன் முழங்கால் மூட்டு மாற்று: வரலாறும் அந்தமான் நிக்கோபார் நிலையும்

தேய்ந்துபோன முழங்கால் மூட்டின் எலும்பு முனைகளைக் கணினித் திட்டப்படி சீவி, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை இது. அறுவையைச் செய்பவர் மருத்துவரே. ரம்பம் எல்லை தாண்டாமல் ரோபோ கை பார்த்துக்கொள்கிறது. சிறு கீறல் முறையில், தொடையின் முன்தசையை இயன்றவரை வெட்டாமல் விலக்கி மூட்டை அடைகிறார்கள்.

தொடக்க காலம்

1890-இல் பெர்லின் மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் குளுக், யானைத் தந்தத்தால் செய்த கீல் மூட்டை முழங்காலில் பொருத்தினார். தொற்றினால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1951-இல் சுவீடனின் வால்டியஸ் வேறொரு கீல் மூட்டைக் கொண்டுவந்தார். கீல் ஒரே அச்சில்தான் மடங்கும். முழங்காலோ மடங்கும்போது உருளும், சறுக்கும், சற்றே திரும்பவும் செய்யும். அதனால் கீல் மூட்டுகள் எலும்பில் பிடிப்பிழந்து தளர்ந்தன.

1968-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய கனடா மருத்துவர் ஃபிராங்க் கன்ஸ்டன் கீலையே கைவிட்டார். உலோகத் தகடுகள் பாலிஎத்திலீன் தடங்களில் உருளும்படி அமைத்து, எலும்பு சிமென்டால் ஒட்டினார். 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் உருவாக்கிய முழு மூட்டே இன்றைய வடிவங்களுக்கு முன்னோடி.

தமிழகமும் விலைக் கட்டுப்பாடும்

எலும்புக் கட்டி வந்தவர்களின் காலை வெட்டாமல் காப்பாற்ற, ஆளுக்கேற்ற அளவில் உள்நாட்டில் தயாரித்த பெரிய செயற்கை மூட்டுகளை 1988 முதல் சென்னையில் பொருத்தியவர் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன். ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கான சிகிச்சையைப் பலருக்கு எட்டவிடாமல் தடுத்தது செயற்கை மூட்டின் விலை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்றானது. அறுவைக் கூடக் கட்டணமும் ரோபோவுக்கான கட்டணமும் அந்த வரம்புக்குள் வருவதில்லை.

ரோபோவின் வருகை

1992-இல் கலிபோர்னியாவில் ரோபோடாக் இடுப்பு மூட்டு அறுவையில் முதன்முதலாகப் பயன்பட்டது. அது தானே எலும்பைக் கடையும் வகை. மருத்துவரின் கையோடு சேர்ந்து இயங்கும் மாக்கோ, 2006-இல் பகுதி மூட்டு மாற்றுக்கும், 2015-இல் அமெரிக்க அனுமதி பெற்று முழு மூட்டு மாற்றுக்கும் வந்தது.

மாக்கோவில் முதலில் சி.டி. ஸ்கேன் மூலம் முப்பரிமாணப் படம் தயாராகிறது. அறுவையின்போது தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஊசிகள் செருகி, அவற்றில் அடையாளக் குமிழ்களைப் பொருத்துகிறார்கள். அவற்றைக் கேமரா கண்காணிக்க, மருத்துவர் காலை மடக்கி நீட்டித் தசைநார்களின் இறுக்கத்தைத் திரையில் பார்த்துத் திட்டத்தைத் திருத்துகிறார். வெட்டும்போது ரம்பம் குறித்த கோட்டைத் தொட்டதும் கை அதைத் தாண்டி நகராது.

இதனால் மூட்டு அமரும் கோணம் துல்லியமாகிறது. ஆனால் ரோபோடாக்கைக் கைமுறையோடு ஒப்பிட்டு, 10 ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான தென் கொரிய ஆய்வில், நடமாட்டத்திலோ மூட்டின் ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

தீவுகளில்

தீவுகளின் முதன்மைப் பரிந்துரை மருத்துவமனை, ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள (2024 வரை போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனை. 2015-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இம்மருத்துவமனையுடன் இணைந்தது. ரோபோ சிகிச்சை நாடுவோருக்கு மெயின்லேண்டில் அருகிலுள்ள பெருமையங்களுள் ஒன்று சென்னை: விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம், கப்பலில் சுமார் மூன்று நாள். கச்சால் தீவில் குடியேற்றப்பட்ட, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் போன்றோருக்கு ஸ்ரீ விஜயபுரத்துக்கு வருவதே ஒரு கடற்பயணம்.

மீட்சி

பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்கிறார்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள், இயல்பு நடைக்குச் சுமார் மூன்று மாதம் ஆகும். தொடைத் தசையை இறுக்குவது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குவது ஆகிய பயிற்சிகளை வீட்டிலும் தொடர வேண்டும். அவற்றை ரோபோ செய்து தராது. கால் சிரையில் இரத்தம் உறையும் அபாயம் இருப்பதால், ஊர் திரும்பும் நாளை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல், காயத்தில் சிவப்பு, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவை கண்டால் அடுத்த கப்பலுக்கோ சென்னை மருத்துவரின் தேதிக்கோ காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டின் தயாரிப்பும் அளவும் அச்சிட்ட ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சம்மரியுடன் இருந்தால் தீவு மருத்துவருக்கு உதவும். பின்னாளில் மூட்டைத் திரும்ப மாற்ற நேர்ந்தாலும் முதலில் தேவைப்படும் விவரம் அதுவே.