தறிமரம் முதல் வாசல்நிலை வரை: வெண்ணந்தூர் வட்டாரத்தில் தச்சு வேலைக்கான தேவை மாறிய விதம்

கையால் செய்த மரச்சாமான்கள் வழக்கொழிந்ததற்குப் பிளாஸ்டிக் நாற்காலியே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்த விளக்கம் முழுதாகப் பொருந்தவில்லை. ராசிபுரம் வட்டத்து வெண்ணந்தூர் போன்ற நெசவூர்களில் தச்சருக்குச் சோறு போட்டவை நாற்காலியும் மேசையும் அல்ல. தறியும் ஏரும் கிணற்றிலிருந்து மாடு கட்டி நீரிறைக்கும் கவலையும் வண்டியும்தான். தொழிற்கருவிகளை விட்டு மரம் விலகிய பிறகே வீட்டுச்சாமான் தச்சரின் முதன்மைப் பிழைப்பாயிற்று.

பழைய வீட்டில் மரச்சாமான் குறைவு. பாயில் படுத்துத் திண்ணையில் அமர்ந்து தரையில் உண்ட குடும்பத்துக்குக் கயிற்றுக்கட்டில், மணை, முக்காலி, தொட்டில், நடைவண்டி, மத்து, துணிமணி வைக்க ஒரு பெட்டி, இவ்வளவே போதும். இவற்றுக்குத் தனியாக விலை பேசும் வழக்கமும் பெரிதாக இல்லை. மரம் வீட்டுக்காரருடையது. தம் காட்டில் நின்ற வேம்பையோ கருவேலையோ வெட்டி, கிணற்றிலோ குட்டையிலோ ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி வைத்திருப்பார். வேலை மட்டும் ஆசாரியுடையது. ஏரும் நுகத்தடியும் கவலை உருளையும் ஆண்டு முழுக்கப் பழுது பார்த்ததற்கு அறுவடையின்போது களத்திலேயே சோளமோ ராகியோ அளந்தார்கள். தொட்டிலும் மணையும் அந்தக் கணக்கோடு ஒட்டி வந்தவை. ஆகவே அக்காலத்து வீட்டுச்சாமானின் ‘சந்தை’ பற்றிப் பேசுவதே சற்றுப் பிழையான பேச்சு.

நெசவாளருக்குக் களம் கிடையாது. அவர்கள் காசு கொடுத்து வேலை வாங்கியவர்கள். தச்சுத் தொழிலில் பெரிய மாற்றம் வந்ததும் அவர்கள் வழியாகத்தான். இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் காப்புரிமை பெற்ற, கயிற்றை இழுத்து ஓட்டும் விசைநாடா, இந்தியக் கைத்தறிகளில் பரவலானது இருபதாம் நூற்றாண்டில். அதைப் பரப்பும் நோக்கில் சென்னை மாகாண அரசு அதிகாரி ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால் 1906இல் சேலத்தில் அரசு நெசவுச்சாலை தொடங்கப்பட்டது. அரசே தொழில் நடத்துவதை இந்தியாமந்திரி மார்லி ஏற்காததால் 1910இல் அது மூடப்பட்டது. வரலாற்றெழுத்தில் இது கொள்கைப் பூசலாகவே இடம்பெறுகிறது. தச்சுப்பட்டறை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. கையால் நாடா எறியும் குழித்தறிக்குத் தொங்கும் பலகை ஒன்று போதும். விசைநாடாவுக்கோ நாடா ஓடும் பலகை, இருபுறமும் பெட்டி, அதில் நாடாவைத் தள்ளும் கட்டை, கைப்பிடியோடு கயிறு என எல்லாம் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். பெட்டியும் பலகையும் ஒரு நூல் பிசகினாலும் நாடா தெறித்து வெளியே விழும். ஏர் செதுக்கிய கைக்கு இது புது நுணுக்கம். 1940களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத் தறிகளில் பெரும்பாலானவை விசைநாடாவுக்கு மாறியிருந்தன. நெசவூர்த் தச்சருக்கு இதைவிடப் பெரிய, நிலையான தேவை வேறு எப்போதும் வாய்க்கவில்லை என்பது என் கணிப்பு.

அதன் பிறகு நடந்தது வரிசையான விலகல். பைக்காரா மின்சாரம் 1932இலும் மேட்டூர் மின்சாரம் 1937இலும் வந்தன. விடுதலைக்குப் பின் மின்மோட்டார் பெருகக் கவலை ஓய்ந்தது. குடம், ஆரக்கால், வட்டை என்று பூட்டிச் செய்த மரச்சக்கரத்தை டயர் வண்டியும், வண்டியையே பின்னர் டிராக்டரும் தள்ளின. விசைத்தறியின் உடல் இரும்பு; அதில் நாடாவும் அதை அடிக்கும் கோலும் பலகையுமே மரமாக மிஞ்சின. மரவேலை தெரிந்த பலருக்கு நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகள் இடம் கொடுத்தன. அங்கும் மரத்தின் பங்கை இரும்பு மெல்லத் தின்றது.

களத்துத் தானியமும் தறிக்காசும் போன நிலையில்தான் கட்டில், சாப்பாட்டு மேசை, சோபா என்ற புதுத் தேவை தச்சரிடம் வந்தது. கல்யாணச் சீரே அதன் அச்சாணி. ஆனால் சீரின் பாதியான பீரோ முன்னமே இரும்பாகிவிட்டிருந்தது. கோத்ரேஜ் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923இல். மர வரத்தும் இறுகியது. தமிழகத்தின் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994இல் வந்தது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 12.12.1996 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை காட்டு மரவெட்டையும் மர அறுவை ஆலைகளையும் கட்டுப்படுத்தியது. அதே காலத்தில்தான் வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஊர்தோறும் நுழைந்தது. பின்னால் மரத்தூள் பலகையில் செய்த ஆயத்தக் கட்டில்கள் தவணைக்குக் கிடைத்தன. பிளாஸ்டிக் பறித்தது தச்சரிடம் ஒரு தலைமுறையே இருந்த வேலையை. பரம்பரை வேலை அதற்கு முன்பே போய்விட்டது.

சேலம் மாவட்டத்தின் கிழக்கே தம்மம்பட்டியில் கதை வேறு. அங்குள்ளோர் வாகை மரத்தில் சாமி உருவங்களும் கோயில் வாகனங்களும் கதவுப் பலகைகளும் செதுக்குகிறார்கள். 1973இல் தொடங்கிய, தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் போன்ற விற்பனை வழிகள் இத்தகைய சிற்ப வேலைக்கு வெளியூர் வாங்குவோரைத் தந்தன. வெண்ணந்தூர்த் தச்சு வேலை பயன்பாட்டோடு கட்டுண்டது. கலைப்பொருள் என்ற அடையாளம் அதற்கு ஒட்டவில்லை.

இன்றும் அசையாமல் நிற்கும் ஒரே தேவை வாசல்நிலை. புதுவீட்டில் நல்ல நேரம் பார்த்து நிலை வைக்கும்போது ஆசாரிக்கு வேட்டியும் தட்சணையும் வைத்துக் கொடுக்கும் முறை தொடர்கிறது. உள்ளறைக் கதவைக் கடையில் வாங்குகிறவரும் தலைவாசலுக்கு வேம்போ தேக்கோ தேடுகிறார். அதன் பூவேலையைக் கணினி இயந்திரத்தில் வெட்டிக்கொள்கிறார்கள். நிலையைக் கோத்து, மட்டம் பார்த்து, நிறுத்துவது ஆசாரியின் கைதான். மரம் இப்போது மரக்கடையிலிருந்து வருகிறது. எந்த மரம், எத்தனை அடி என்பதையும் பெரும்பாலும் கடைக்காரரே சொல்கிறார்.