சுழலும் இறைச்சியும் புலம்பெயர்ந்தோர் உழைப்பும்

துருக்கி மொழியில் 'டோனர்' என்றால் சுழல்வது என்று பொருள். வளைகுடா நாடுகளில் பணியாற்றிய நம்மவர் நன்கறிந்த 'ஷவர்மா'வும், சுழற்றுதலைக் குறிக்கும் 'செவிர்மே' என்ற துருக்கிச் சொல் அரபியில் திரிந்ததேயாகும். கிரேக்கர் வழங்கும் 'கீரோஸ்' என்னும் பெயருக்கும் பொருள் அதுவே. ஒவ்வொரு சமூகமும் தன்னுடையது என உரிமை பாராட்டும் உணவொன்று, பெயரின் பொருளாலேயே உஸ்மானியப் பேரரசின் பொதுச் சொத்தெனத் தன்னைக் காட்டிக்கொடுத்து விடுகிறது.

கம்பியில் கோத்த இறைச்சியை நெருப்பின்மேல் கிடையாகச் சுடுவது பழைய முறை. அதைச் செங்குத்தாக நிமிர்த்தியதே உஸ்மானியச் சமையற்காரர்களின் நுட்பம். பக்கவாட்டு வெப்பத்தில் உருகும் கொழுப்பு தீயில் சொட்டி வீணாகாமல், இறைச்சியின் மீதே வழிந்து ஊறுகிறது. இம்முறையைக் கண்டறிந்தவர் புர்ஸா நகரத்து இஸ்கந்தர் எஃபெந்தி என்றும், காலம் 1867 என்றும் அவருடைய குடும்பத்தார் கூறுவர். ஆனால் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1855இல் எடுத்த ஒளிப்படத்திலேயே செங்குத்துக் கம்பி காணப்படுகிறது. ஆகவே இஸ்கந்தரை அதற்குப் புகழ் தேடித் தந்தவர் என்று கொள்வதே பொருத்தம் எனக் கருதுகிறோம். லெபனானியர் வழியே மெக்சிகோவுக்கும் இம்முறை சென்றது. அங்கு பன்றியிறைச்சிக்கு மாறிவிட்டதால் நமக்கு ஆகாததாயிற்று!

துருக்கியில் இது தட்டில் பரிமாறப்பட்ட உணவு. ரொட்டிக்குள் அடைத்துக் கையிலேந்தி உண்ணும் வழக்கம் பெருவணிகமாக வளர்ந்த இடம் பெர்லின். 1961 அக்டோபர் 30இல் மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. 'விருந்தினர் தொழிலாளர்' என்றே அவர்களை அழைத்தனர். விருந்தினர் என்றால் ஒருநாள் திரும்பிப் போக வேண்டியவர் என்பது உட்பொருள். 1973இல் ஆளெடுப்பு நின்றது. ஆலை வேலையை இழந்த பலர் சிறு கடைகளை நாடினர். 1972இல் மேற்கு பெர்லினில் டோனரை ரொட்டியில் வைத்து விற்ற காதிர் நூர்மானை, ஐரோப்பாவிலுள்ள துருக்கி டோனர் உற்பத்தியாளர் சங்கம் 2011இல் முன்னோடியாகச் சிறப்பித்தது. அப்பெருமைக்கு வேறு சிலரும் உரிமை கோருகின்றனர். நூர்மான் காப்புரிமை எதுவும் பெறாமலே 2013இல் மறைந்தார்.

ஜெர்மானியர் இவ்வுணவை விரும்பி ஏற்றனர். அதைச் சமைத்தவர்களை ஏற்றனரா? 2000 முதல் 2006 வரை அந்நாட்டில் துருக்கி வழியினர் எண்மரும் கிரேக்கர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பத்திரிகைகள் அவற்றுக்கு 'டோனர் கொலைகள்' எனப் பெயரிட்டன. காவல்துறை கொலையுண்டோரின் குடும்பத்தாரையே துருவித் துருவி விசாரித்தது. கொன்றது நவநாஜிக் குழு என்ற உண்மை 2011 நவம்பரில்தான் வெளிவந்தது. ஜெர்மன் மொழியறிஞர் குழு 'டோனர் கொலைகள்' என்பதை 2011ஆம் ஆண்டின் அவச்சொல்லாக அறிவித்தது.

அந்த ஒன்பது பேரில் டோனர் கடையில் நின்றவர் இருவர் மட்டுமே. முதலில் கொல்லப்பட்டவர் பூ வியாபாரி. அடுத்தவர் தையற்கடை நடத்தியவர்.